டாக்டரம்மா கேட்ட அரைப் பக்கம்

1

அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். தேனியில் மனநல மருத்துவம் பார்க்கும் டாக்டர் நாகஜோதி. என் மகன் விஜய்பாண்டி, வயது முப்பத்து நான்கு, ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன். அவன் மனைவி உமாதேவி, சின்னமனூரில் ஒரு மெடிக்கலில் வேலை பார்ப்பவள். நான்காவதாக நான், சுருளிவேல், வயது எழுபத்திரண்டு, ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர். அறைக்கு வெளியே ஒரு தொட்டியில் மூன்று மீன்கள் இருந்தன. அவை சாட்சிக் கையெழுத்துப் போடத் தகுதியற்றவை.

இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. அந்த அறையில் நடந்ததை நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் இன்றைய தேதிக்குச் சின்னமனூரில் மட்டும் நாற்பது பேர் இருக்கிறார்கள். அறையின் அளவு பத்துக்குப் பத்து.

இந்தக் கதை பிறந்த விதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் டாக்டரம்மா என்னிடம், "எனக்கு அரைப் பக்கம் போதுங்கய்யா. உங்க குடும்பத்துல இதே மாதிரி வேற யாருக்காவது இருந்துச்சா, எப்போ, எப்படி இருந்துச்சு? வாயால சொல்லக் கஷ்டமா இருந்தா எழுதிக் குடுங்க. நீங்க எழுதுறவங்கதானே?" என்றார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கையில் வேண்டுமாம். என் மகனுக்கு இனி எந்த மாத்திரையைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வாராம்.

நாற்பத்தோரு வருடம் பிறருக்காகப் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு இந்த அரைப் பக்கம் வரவில்லை. ஆகவே கதை எழுதுகிறேன். கதையில் பெயர்களை மாற்றிக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

[மேலே எல்லாரையும் உண்மைப் பெயரிலேயே எழுதிவிட்டேன். வயதையும் சேர்த்து. தொழில் பழக்கம்.]

2

பத்திரத்தில் ஒரு சொல் தவறிப்போனால் அதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். கடைசியில் இன்ன இடத்தில் இன்ன அடித்தல் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கதைக்கும் அதுதான் விதி என்று வைத்துக்கொள்கிறேன். எனவே நான் கைவிட்ட வாக்கியங்களும் இங்கேயே கிடக்கும்.

தொடக்கம் ஒன்று: "கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் குடும்பத்தை அறியாதவர் இல்லை. ஐந்து தலைமுறையாகச் சொல் தவறாத, உழைப்புக்குப் பெயர்போன குடும்பம். என் தம்பி ஒருவன் யாரும் கேட்காமலே நான்கு நாளில் தெருவில் ஏழு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவன். அப்பேர்ப்பட்ட—"

(அடித்தேன். தம்பி இந்தக் கதையில் வர வேண்டியதில்லை.)

தொடக்கம் இரண்டு: "இங்கிலீஷ் மருந்து வீட்டுக்குள் நுழைந்த அன்றே மானம் வெளியே—"

(அடித்தேன். எனக்கு இருபது வருடமாகச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இங்கிலீஷ் மருந்துதான். நன்றிகெட்டதனம் கதையிலும் கூடாது.)

தொடக்கம் மூன்று: "அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்த நாளிலேயே எனக்குத் தெரியும்."

(இதை இன்னும் அடிக்கவில்லை. பார்ப்போம்.)

3

கதைக்கு ஒரு வில்லி கிடைத்தால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது. எங்கள் ஊர் எனக்கு அந்தச் சிரமத்தையும் வைக்கவில்லை. என் அக்கா மூக்கம்மாள் ஏற்கெனவே ஒருத்தியைத் தயார் செய்து தெருத்தெருவாக அனுப்பிவிட்டார்.

"மெடிக்கல்ல வேல பாக்குறவளுக்கு மாத்திரைய மாத்திக் குடுக்க எம்புட்டு நேரமாகும்? நல்லா இருந்த எம் மருமகனப் பைத்தியமாக்கி, தோட்டத்த எழுதி வாங்கப் பாத்திருக்கா."

தோட்டத்தை எழுதி வாங்க வேண்டுமென்றால் எழுத என்னிடம்தான் வர வேண்டும். அவள் வரவில்லை. இதை நான் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஐப்பசியில் உறவுக்காரர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். உமாதேவியைப் பண்ணைப்புரத்தில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் பஸ் ஏறிய கையோடு, பழையதை நிறுத்திவிட்டு டாக்டரம்மா புதிதாகக் கொடுத்திருந்த மாத்திரைகளை அக்கா சாக்கடையில் கொட்டினார். இப்போது மார்கழி. என் மகன் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

சரி, வில்லி இருக்கிறாள். காட்சி எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். உமாதேவி மாத்திரைக் கவரைத் திறக்கிறாள். சீட்டைப் பார்க்கிறாள். அட்டையைப் பார்க்கிறாள். மறுபடி சீட்டைப் பார்க்கிறாள். சரியான மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு கொடுக்கிறாள்.

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் சரியான மாத்திரையைக் கொடுத்தாள். மூன்றாவது முறை அவள் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பைக்கூட வைத்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே சரியான மாத்திரையைக் கொடுத்தாள். இப்படிப்பட்ட பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்ய முடியும்?

4

ஆகவே அறைக்குள் திரும்ப வேண்டியிருக்கிறது. அது போன ஆனி மாதம்.

அதற்கு முன் இரண்டு மாதமாக விஜய்பாண்டி கட்டிலை விட்டு எழவில்லை. வைகாசியில் திராட்சைக் கொடிகளைக் கழித்துக் கவாத்து வெட்ட வேண்டும். கத்திரியைக் கையில் கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உமாதேவிதான் ஆள் விட்டு வெட்டி முடித்தாள். தேனிக்குப் போயே ஆக வேண்டும் என்றதும் அவள்தான். நான் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். மனநல டாக்டருக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு தோல் டாக்டர் இருக்கிறார். காரை அவர் வாசலில்தான் நிறுத்த வேண்டும். கேட்டவர்களுக்குத் தோல் வியாதி என்றுதான் சொல்ல வேண்டும்.*

* ஒரே வாரத்தில் குப்பைமேனி இலை மூன்று கட்டும், புங்க எண்ணெய் இரண்டு பாட்டிலும், கருஞ்சீரகமும் வீடு தேடி வந்தன. இன்றைக்கும் என் மகனைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவன் முழங்கையைத்தான் பார்க்கிறார்கள்.

டாக்டரம்மா அவனிடம் அரைமணி நேரம் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது மனச்சோர்வு. மாத்திரை இருக்கு. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். உங்க குடும்பத்துல யாராவது கொஞ்ச நாள் தூக்கமே இல்லாம, அளவு மீறின வேகத்தோட, பெரிய பெரிய திட்டமா பேசிட்டு, அப்புறம் அப்படியே விழுந்து கிடந்தது உண்டா?"

"எதுக்குக் கேக்குறீக?"

"இருந்துச்சுன்னா இவருக்கும் அந்த வகையா இருக்கலாம். பைபோலார்னு சொல்லுவோம். மனசு கீழயும் போகும், மேலயும் போகும். அந்த மாதிரி ஆளுக்குச் சோர்வு மாத்திரைய மட்டும் தனியா குடுத்தா, சில பேர அது கட்டில்ல இருந்து தூக்கி அந்தப் பக்கம் எறிஞ்சிரும். அவங்களுக்கு மொதல்ல மனச நிலையா வைக்கிற மாத்திரை வேணும்."

உமாதேவி என்னைப் பார்த்தாள். "மாமா, யாராச்சும் இருந்தாகளா?"

கல்யாணமாகி ஆறு வருடம் ஆனவள். அவளுக்குத் தெரிய வழியில்லை. வீட்டில் தெரிந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, அக்கா.

ஒரு செண்டு நிலம் வாங்க வந்தாலும் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு வா என்று ஆளைத் திருப்பி அனுப்பியவன் நான். வில்லங்கம் இருக்கும் நிலத்தை இல்லையென்று எழுதச் சொன்னவர்களை என் கடைப்படி ஏறவிட்டதில்லை. டாக்டரம்மா என் பரம்பரைக்கு வில்லங்கம் கேட்டார்.

"எங்க பரம்பரையில அப்பிடி யாரும் கெடையாது. எழுதிக்கங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார். பிறகு உமாதேவியிடம், தூக்கம் குறைந்தால் அன்றைக்கே போன் செய்யச் சொன்னார். என்னிடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் அவ்வளவு கம்பீரமாகச் சொல்லியிருந்தேன்.

5

மூன்றாவது வாரம் என் மகன் எழுந்தான்.

எழுந்தான் என்றால் சாதாரணமாக இல்லை. தானே குளித்தான், சட்டை மாற்றினான், பால்காரனிடம் அரசியல் பேசினான். அவன் அம்மா கருத்தம்மாள் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் சலூனில் போய் உட்கார்ந்து, முடி வெட்டாமலே ஒரு மணி நேரம் அவனைப் பற்றிப் பேசினேன். 'தோல் வியாதி' குணமாகிவிட்டது.

உமாதேவி மட்டும் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்புறம் எண்கள் எழுதிக்கொண்டிருந்தாள். ஏழு. ஐந்து. மூன்று. இரண்டு.

"மாமா, முந்தாநாள் மூணு மணி நேரம், நேத்து ரெண்டு மணி நேரந்தான் தூங்குனாக."

"வெவசாயி கோழி கூப்புடுறதுக்கு முன்ன எந்திரிக்கத்தான் செய்வான். மெடிக்கல்ல ஒக்காந்திருக்க உனக்கு அது தெரியாது."

அன்று அவன் தோட்டத்துக்குப் போய்க் கவாத்து வெட்டினான். வைகாசியில் ஏற்கெனவே வெட்டிய தோட்டம். கொத்துக் கொத்தாகப் பிஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் இரண்டு ஏக்கரையும் ஒற்றை ஆளாகப் பிஞ்சோடு மொட்டையடித்தான். முடித்துவிட்டு வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் இறங்கினான். அது ராஜபாண்டி தோட்டம்.

"ஏப்பா விஜயி, அது என் தோட்டம்ப்பா!"

"தெரியும் மாமா. உங்க தோட்டம் தூங்குது. எழுப்பிவிடுறேன்."

ராஜபாண்டி கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் நான்கு வரிசை போய்விட்டது. அவர் நல்ல மனிதர். என்னிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க குடும்பத்துக்கே உழைப்பு கொஞ்சம் சாஸ்தி." இதைச் சிரிக்காமல் சொன்னேன்.

உமாதேவி டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். அந்த மாத்திரையை உடனே நிறுத்து, இன்றைக்கே கூட்டிக்கொண்டு வா என்றார் அவர். அன்று வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. மகன் தேறியதற்கு அக்காவின் நேர்த்திக்கடன். முந்நூறு பேரை அழைத்திருந்தோம். குணமானதைக் கொண்டாடும் விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் குணமானவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எந்தச் சபையில் அடுக்கும்? திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஞாயிறு பந்தியில் அவன் டிராக்டர் மேல் ஏறி நின்றான். சின்னமனூரிலிருந்து லோயர் கேம்ப் வரை ரோட்டுக்கு மேலே ஒரே திராட்சைப் பந்தல் போடப்போவதாக அறிவித்தான். சொந்தக்காரர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஆளுக்கு நூறு கல்தூண் ஒதுக்கினான். ஜனங்கள் கைதட்டினார்கள். கறி நன்றாக இருந்தது. தட்டாமல் என்ன செய்வார்கள்?

"எம் மருமகன் பேச்சப் பாத்தீகளா?" என்றார் அக்கா.

அவன் அம்மா கீழே இறக்கக் கையைப் பிடித்தாள். அவன் உதறினான். வேண்டுமென்று செய்யவில்லை. அவள் விழுந்தாள், வலது மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகுதான் கைதட்டல் நின்றது.

6

[இந்த இடத்தில் எழுதுவது தடைப்பட்டது. தடைப்பட்ட விதத்தையும் பதிவு செய்கிறேன்.]

"ரெண்டு நாளா என்னத்த எழுதுறீக?"

"கதை."

"டாக்டரம்மா என்ன கேட்டாக, நீங்க என்ன எழுதுறீக?"

கருத்தம்மாள் தாள்களை இடது கையால் எடுத்தாள். வலது கை இன்னும் சரியாக மடங்குவதில்லை. நின்றுகொண்டே படித்தாள். இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"சுண்ணாம்பு அடிச்சத எழுதிட்டு ஏன் அடிச்சீக?"

"அது இதுக்கு வேண்டாம்."

"வேண்டாமா? எம் மகன் கத்திரியோட அடுத்த தோட்டத்துல நின்னான்னு கேட்டப்ப எனக்கு உங்க தம்பிதான் தெரிஞ்சாரு. மட்டையும் வாளியுமா அடுத்த வீட்டுச் சுவத்துல நின்னுக்கிட்டு, 'மதினி, ஊரே அழுக்காக் கெடக்கு, நாந்தான் வெளுக்கணும்'னாரே. ஏழாவது வீட்டுல புடிச்சுக் கட்டிப்போட்டீகளே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல நீ?"

"நாப்பது வருசமா இந்த வீட்டுல அந்தப் பேரச் சொன்னா சோத்துத் தட்டத் தள்ளிவிட்டு எந்திரிக்கிறது நானா?"

நான் பேனாவை மூடினேன்.

"இந்தக் குடும்பத்து ஆளுகளுக்கு மட்டும் எப்பிடித்தான் வார சீக்கெல்லாம் கவுரவமாவே வருதோ! ஒருத்தருக்கு மஞ்சக்காமாலை, ஒருத்தனுக்குத் தோல் வியாதி. அந்தப் புள்ள பண்ணைப்புரத்துல ஒக்காந்திருக்காளே, அவளுக்கு என்ன சீக்குன்னு எழுதப்போறீக?"

தாள்களை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

கதையில் மனைவி வந்து உண்மையைச் சொல்லும் காட்சி சற்றுப் பழையது. அதை வைக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வந்துவிட்டாள்.

7

போன வாரம் டாக்டரம்மாவிடம் நான் கேட்டது இதுதான்: "அந்த மொத மாத்திரை வெசந்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் நல்லது. மாத்திரைக்கு மானம் மரியாதை கிடையாது. எவ்வளவு பழியையும் தாங்கும்.

"இல்லைங்கய்யா. இதே மாத்திரை எத்தனையோ பேர எந்திரிச்சு உக்கார வச்சிருக்கு. உங்க மகன் வகைக்காரங்களுக்குத்தான் யோசிச்சுக் குடுக்கணும். அடியில நிலையா வைக்கிற மாத்திரை ஓடிக்கிட்டிருந்தா, சோர்வு நேரத்துல சில பேருக்கு இதையும் கொஞ்ச நாள் சேத்து, பக்கத்துலயே இருந்து கவனிச்சுக் குடுக்கலாம். சில பேருக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. இதுல டாக்டர்களுக்குள்ளயே இன்னும் ஒரே கருத்து வரல."

"அப்ப உங்களுக்கும் தெரியாதுங்கிறீக?"

"முழுசாத் தெரியாது. அதனாலதான் ஆளுக்கு ஆள் பாத்து முடிவு பண்றோம். அதுக்குத்தான் உங்க வீட்டுக் கதை வேணும்."

படித்த ஒருவர் தனக்குத் தெரியாது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் கிடையாது. ஐப்பசியில் எங்கள் கூடத்தில் கூடிய இருபத்து மூன்று பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. மூளை சூடு, முனி அடி, மருந்து மாற்றம், மருமகள் ராசி.

அன்று உமாதேவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன். பந்தல் போடாம கொடிக்கு உரம் வச்சா, கொடி எகிறிப் போய்க் கண்ட மரத்துலயும் விழுந்து ஒடியுது. அது கொடி குத்தமா, உரம் குத்தமா?"

"ஏத்தா, வாயப் பாரு!" என்றார் அக்கா.

பந்தல் போட வேண்டியவன் என்று மூன்றாவதாக ஒருவன் உண்டு. அவனைப் பற்றி அவள் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

(தொடக்கம் மூன்று: "அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்த நாளிலேயே எனக்குத் தெரியும்." இப்போது அடித்தேன்.)

8

முடிவு அ: வெள்ளிக்கிழமை அரைப் பக்கத்தைக் கொடுக்கிறேன். சரியான மாத்திரை வருகிறது. அடுத்த அறுவடையில் குடும்பமே பந்தலுக்குக் கீழே நின்று—

(அடித்தேன். டாக்டரம்மா அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. மாதக்கணக்காகும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், திரும்பவும் வரலாம் என்றுதான் சொன்னார்.)

முடிவு ஆ: பண்ணைப்புரத்துக்குப் போகிறேன். உமாதேவி வாசலுக்கு வந்து, "வாங்க மாமா, நடந்தது நடந்துபோச்சு" என்று—

(அடித்தேன். ஒரு தரப்பின் கையெழுத்தை மறு தரப்பே போட்டுக்கொண்டால் அதற்குப் பெயர் மோசடி. அவள் மன்னிப்பை நான் எழுத முடியாது. அவள் சொல்ல வேண்டியதற்கு இங்கே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். வாசகரும் அதில் எதையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

........................................

........................................)

முடிவு இ: இந்தத் தாள்களைக் கிழித்துப்போடுகிறேன். குடும்ப மானம் நிற்கிறது. என் மகன்—

இந்த வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து அவன் அறைக்குப் போனேன். அவன் தூங்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"யப்பா, நம்ம வம்சத்துல இப்பிடி ஆனது நான் மட்டுந்தானா?"

இதே கேள்வியைத்தான் டாக்டரம்மா கேட்டார், உமாதேவி கேட்டாள். அவர்களிடம் எனக்குக் கூச்சமில்லாமல் பொய் வந்தது.

"நான் ஒருத்தன்தான் அசிங்கமாயிட்டேனாப்பா?"

"இல்லடா. உனக்கு ஒரு சித்தப்பா இருந்தான்" என்றேன். அவன் திரும்பிப் படுத்தான். என் முகத்தைப் பார்த்தான். அவன் முழங்கை என் கைமேல் பட்டது. அதில் ஒரு வடுவும் இல்லை.

9

இந்தக் கதைக்கு முடிவு எழுதப்போவதில்லை. என் மகன் எப்போது எழுவான், அவள் வருவாளா என்பதெல்லாம் என் பேனாவுக்கு உட்பட்டவை அல்ல. பத்திரத்தில் பிழை இருந்தால் தனியாகப் பிழைதிருத்தல் பத்திரம் எழுதுவோம். அது மட்டும் என் கைக்கு உட்பட்டது.

அடித்தல் விவரம்: இரண்டாம் பகுதியில் மூன்று, எட்டாம் பகுதியில் இரண்டு. அவற்றுள் என் தம்பியைப் பற்றிய அடித்தல் செல்லாது. அந்த வாக்கியம் நிற்கும்.

இதன் நகல்கள் மூன்று. ஒன்று டாக்டரம்மாவுக்கு. ஒன்று பண்ணைப்புரத்துக்கு, நானே நேரில் கொண்டுபோவேன். ஒன்று 'குலதெய்வம் துணை' என்ற எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு. உறுப்பினர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆகவே சிறிய வாக்கியங்களாக எழுதுகிறேன்.

உமாதேவி மாத்திரையை மாற்றிக் கொடுத்தாள் என்று ஊரில் சொல்வது பொய். சீட்டில் இருந்ததைத்தான் கொடுத்தாள். அது சீட்டில் தனியாக இருந்ததற்குக் காரணம் டாக்டரிடம் நான் சொன்ன பொய். அவள் தோட்டத்தை எழுதிக் கேட்கவில்லை. என் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் மறுத்த அன்று டாக்டருக்குப் போன் செய்தவள் அவள்தான்.

1985-ல் என் தம்பி அம்மாவாசிக்கு வயது இருபத்தாறு. மூன்று வாரம் தூங்காமல் இருந்தான். ஏழு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான். பிறகு இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒரு நாள் லோயர் கேம்புக்குப் பஸ் ஏறினான். வாய்க்காலிலிருந்து நான்தான் தூக்கினேன். கருமாதிப் பத்திரிகையில் மஞ்சள்காமாலை என்று எழுதியதும் நான்தான்.

அவனுக்கு மஞ்சள்காமாலை வரவில்லை.